குறிப்பேட்டில் ஏறாதது

புதுவயல். அரிசி ஆலைச் சங்கக் கட்டடத்தின் மாடி.
நேசக்கரம் சேவைக் குழு, மாதக் கூட்டம்.
வந்தவர் இருபத்தாறு. வராதவர் சொன்ன காரணம்:
ஒன்பது பேருக்கு முகூர்த்தம், ஒருவருக்கு முதுகுவலி.
பொருள்: இணையத்தில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு.
எழுதுவது நான், செயலாளர், சிகப்பி,
கீழக்கடைத்தெரு மருந்துக்கடை.

தலைவர் பேசினார். இணையம் இருமுனைக் கத்தி என்றார்.
போன மாதம் சர்க்கரை நோயையும்
இருமுனைக் கத்தி என்றவர்தான்.
பொன்னாடை போர்த்தும்போது மைக் விழுந்தது.
புரொஜெக்டர் ஒரு நீலச் சதுரத்தைக் காட்டிவிட்டு
அதோடு நின்றுகொண்டது.

சைபர் பிரிவு சார்பு ஆய்வாளர் ஆரோக்கிய நிர்மலா
சிவகங்கையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.
படம் இல்லாமலே தொடங்கினார்:
"உங்களில் எத்தனை பேருக்கு
பிள்ளையின் பிறந்தநாள்தான் பாஸ்வேர்டு?"
பதினைந்து பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
நான் பேனாவின் மூடியைத் தேடினேன்.

அடுத்து அவர் சொன்னதெல்லாம்
குறிப்பேட்டில் இருக்கிறது, வரிசை எண்ணோடு.
விளையாட்டில் சிநேகமாகி
வைரம் பரிசு அனுப்புகிற பத்தாம் வகுப்பு அண்ணனுக்கு
நாற்பது வயதிருக்கலாம் என்றபோது
கீழே ஆலை ஓடும் சத்தம் திடீரென்று கேட்டது.
அதுவரையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேள்வி நேரம்.
போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினால் போதாதா, என்றார் ஒருவர்.
என் பையன் யூடியூபில் பிரபலமாக வழி உண்டா, இன்னொருவர்.
மூன்றாவதாக எழுந்தார் வயிரவன், நெல் தரகர்.
ஒரு நெல்லைக் கடித்தே
ஈரம் எத்தனை சதம் என்று சொல்லிவிடுகிறவர்.
அவருக்கு வார்த்தை கடிபடவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்.
திருச்சிப் பக்கம். அவரு பிள்ளை, ஒன்பதாவது.
ஒரு போட்டோ அனுப்பிருச்சு போல. யாருக்குன்னே தெரியாது.
இப்பப் பணம் கேக்குறான். முதல்ல ரெண்டாயிரம்.
குடுத்தாச்சு. இப்ப இருபது.
அவரு...
அவரு என்ன செய்யணும்?"

திருச்சிப் பக்கம் அவருக்கு யாருமில்லை.
ஒன்பதாவது படிப்பது தேனம்மை.
இருபது நாளாய் டியூஷனுக்கு வரவில்லை.
மஞ்சள் காமாலை என்றார்கள்.
ஊரில் ஒரே மருந்துக்கடை என்னுடையது,
அதற்கென்று ஒன்றும் வாங்கவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இத்தனை பேர் ஒரே நேரத்தில்
இவ்வளவு நாகரிகமாக இருந்து நான் கண்டதில்லை.

ஆய்வாளர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.
பொதுவாக, எங்கள் தலைக்கு மேலே சொன்னார்:
"பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இன்னும் கேட்பான்.
எதையும் அழிக்க வேண்டாம். அதுதான் சாட்சி.
பிள்ளையின் பெயர் வெளியே வராது.
இதெல்லாம் நாளைக் காலையில்.
இன்றைக்கு ராத்திரி அந்தத் தகப்பனார்
பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.
ஏமாற்றினது அவன். அது இல்லை."

வயிரவன் உட்காரப் போனார். நாற்காலி தள்ளி இருந்தது.
பின்வரிசை சிராஜுதீன் காலால் நகர்த்தி
அவருக்கு அடியில் வைத்தார்.

நான் எழுதியது:
உறுப்பினர் ஒருவர் ஐயம் எழுப்பினார்.
விளக்கம் தரப்பட்டது.
நன்றியுரை. நாட்டுப்பண். வெள்ளைப் பணியாரம்.

படியிறங்குகையில்
பணியாரம் கட்டிய தாளின் ஓரத்தைக் கிழித்து
1930, அதற்குக் கீழே ஆய்வாளரின் எண், எழுதி நீட்டினேன்.
"உங்க திருச்சிக்காரருக்கு."
எண்ணெய் ஊறி ஓர் இலக்கம் மங்கியிருந்தது.
தெருவிளக்கில் பிடித்து
இரண்டு முறை வாசித்துக் காட்டினார், சரிதானா என்று.
"குடுத்துர்றேன் ஆச்சி."

மொபெட்டை நாலு தரம் உதைத்தார்.
சாவி இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது.