செவுள்

முருகன்குறிச்சியில் என் கண்ணாடிக் கடை.
பலகையில் ஒரு பெரிய கண், இமையே இல்லாமல்.
ஒரு முழ தூரத்தில் நடக்கிற வேலை:
சட்டத்தை மாட்டி, லென்சைச் செருகி,
"இது தெளிவா, இதுவா?" என்று கேட்பது.
கொஞ்ச நாளாக
முதல் லென்சுக்கே எல்லோரும்
"இதுதான் தெளிவு" என்றார்கள்.
கைராசி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கணக்கு வாத்தியார்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரியைப் படித்தார்.
ஒரு கல்லூரிப் பெண் துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள்.
தூசி, என்றாள்.
வாசலில் போகிற சிமெண்டு லாரியைப் பார்த்து
ஆமாம், தூசி, என்றேன் நானும்.

உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
பத்து வருசம் குடியிருந்த வீட்டில்
சுவர் என்ன நிறம் என்று கேட்டால்
யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வெங்காயத்தை விட்டேன். பூண்டுக் குழம்பை விட்டேன்.
காலையில் ஏலக்காய், மத்தியானம் கிராம்பு,
சாயங்காலம் சோம்பு.
கல்யாணப் பந்தியில் யாரோ செத்துக் கிடப்பதைப் போல
இருந்திருக்கும், இப்போது யோசித்தால்.

சிலுவையம்மா உவரிக்காரி.
கூடையை வெளியே இறக்கிவிட்டு வந்தாள்.
ரூபாய்த் தாள் ஐம்பதா இருநூறா என்று மயங்குகிறதாம்.
இரண்டாவது லென்சில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய.
நாப்பது வருசமா நல்ல மீனையும் கெட்ட மீனையும்
மூக்காலதான் பிரிக்கேன்.
மேல மஞ்சளப் பூசி என்ன செய்ய?
கெட்டதுன்னா செவுளுல்லா மொதல்ல சொல்லும்.
செவுளத் தூக்கிப் பாருங்க."
கண்ணாடிக்குப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தாள்.
அதுதான் அதிகம் வலித்தது.

அன்று ராத்திரி கடையைப் பாதி சாத்தி
பிறர் கண்ணுக்குள் அடிக்கும் டார்ச்சை
என் வாய்க்குள் அடித்தேன்.
உதட்டைத் தூக்கினால் ஈறு, வீங்கிய சிவப்பு,
நகம் பட்டதும் ரத்தம்.
பல்லின் வேரடியில் மஞ்சள் காரை.
நாக்கின் பின்பாதியில்
குறுக்குத்துறைப் படிக்கட்டுப் பாசி.

வண்ணார்பேட்டைப் பல் டாக்டர், சின்னப் பெண்,
அரை முழத்தில் குனிந்தாள்.
(இடது கண்ணுக்குப் பவர் கூடியிருக்கிறது. நான் சொல்லவில்லை.)
"பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?
வாய் காயுமே. வாயைத் திறந்துட்டா தூங்குறீங்க?
தண்ணி குடிக்கீங்களா?"
கொக்கி வாய்க்குள் இருக்கும்போதுதான்
எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.
"எச்சில் வத்துனா ஆறு வத்துன மாதிரி சார்,
கெடக்கிறது கெடந்த எடத்துலயே நாறும்."
சர்க்கரைக்கும் ஒரு சீட்டு எழுதினாள்.
தட்டில் விழுந்தது
என் ஐந்து வருசம், மிளகு மிளகாக.

திரும்பும்போது பிரமுவை நினைத்தேன்.
ஒரே கட்டில், ஒரே மின்விசிறி,
ஒருநாளும் அவள் முகம் திருப்பியதில்லை.
எத்தனை பொறுமை என்று
ஆற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.
"எதை?"
சொன்னேன்.
வெகுநேரம் அடுப்பையே பார்த்தாள்.
"அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு
எனக்கு ஒரு வாசமும் தெரியல.
கருவாடும் ஒண்ணுதான், பிச்சிப்பூவும் ஒண்ணுதான்.
வந்துரும் வந்துரும்னு இருந்தேன்."

மூன்று வருசம்
நினைவிலிருந்து பெருங்காயம் போட்டிருக்கிறாள்.
கூடிப்போச்சு என்று நான் தட்டைத் தள்ளிய நாட்களும் உண்டு.

இப்போது நூலால் பல்லிடுக்கைத் துழாவுகிறேன்,
நாக்கை வழிக்கிறேன்,
துப்பும் நீரில் சிவப்பு வெளுத்து வருகிறது.
அவள் பால் பாத்திரத்தை என் மூக்கருகே நீட்டுகிறாள்:
"கெட்டுப்போச்சா?"
பார்த்துச் சொல்கிறேன்.
என்னை அவளிடம் நீட்ட முடியாது.

அதற்கு வெள்ளிக்கிழமை சிலுவையம்மா வருவாள்.
புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஊதுங்க, என்பாள், நடு வாசலில்.
போன வாரம் ஊதினேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"இன்னைக்குள்ள வித்துரலாம்" என்றாள்.