மொய்ச் சிப்பாய்

அயனாவரம் கல்யாண மண்டபத்தில்
நேற்றைய ஜோடியின் தெர்மாகோல் பெயரை
இன்னும் முழுசாகக் கழற்றவில்லை.
'ஹேமபிரி' வரை மேடையில் இருக்கிறது.
அதன் கீழே நடுவர், மைக், தண்ணீர் கேன்.

நான்காம் சுற்று. அறுபத்து மூன்றாம் மேஜை.
எதிரே எபினேசர்,
என்னைவிட இருபத்து நான்கு ரேட்டிங் அதிகம்.
சாம்பார் சாத வாசனையோடு கை கொடுத்தார்.
நக இடுக்கில் கிரீஸ், கழுவியும் போகாதது.

இரவு ஒரு மணி வரை ஸ்பானிஷுக்குப் படித்திருந்தேன்,
பன்னிரண்டு நகர்த்தல் ஆழம்.
மூன்றாவதிலேயே அவர் பிஷப்
ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிக்கொண்டது.
நான்காவதில்
ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை
என் பிஷப்பின் வாயருகே தள்ளிவிட்டு
கடிகாரத்தை மெல்ல அமுக்கினார்.

எடுத்தேன்.
தாளில் குறித்தேன்,
இன்னார், இன்ன ஊர், இவ்வளவு என்று
மொய் நோட்டில் எழுதுகிற மாதிரி.
என் கல்யாணத்தில் வந்ததையே
இன்னும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன்.
ஆனாலும் இன்னொன்று வைத்தார், எடுத்தேன்.
மூன்றாவது.
அதையும்.

ஒன்பதாவதில் நிமிர்ந்து பார்த்தால்
அவர் ராஜா கோட்டைக்குள்.
ராணியும் பிஷப்பும் ஒரே சாய்கோட்டில்
என் எஃப் ஏழைப் பார்த்தபடி.
என் ராஜா நடுவில்,
வைத்த கட்டத்தில் வைத்தபடி.
என்ன வரப்போகிறது என்று தெரிந்தது.
எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.
பதினெட்டு நிமிடம் போனது.

அப்போதுதான் அவர் பையில் போன் அடித்தது.

மண்டபமே திரும்பியது. நடுவர் வந்தார்.
"ரூல் தெரியும்ல சார்?"
"தெரியும் சார்" என்றபடியே எடுத்துப் பேசினார்:
"எந்த மாடி?
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலயா? எத்தனை பேர்?
கதவத் தொடாதீங்கம்மா, லைட் எரியுதுல்ல,
கெல்லீஸ்தானே, பத்து நிமிஷம்."

தோற்றதாகக் கையெழுத்துப் போட்டார்.
நாற்காலிக்கு அடியிலிருந்து
ஸ்பானர் பையை இழுத்துக்கொண்டு
என் பலகையை ஒருதரம் பார்த்தார்.
"சீக்கிரம் கோட்டை கட்டியிருக்கணும் நீங்க."

எனக்கு முழுப் புள்ளி.
வெளியே வந்து டீ குடித்தேன், சர்க்கரை தூக்கல்.
பார்க்கிங்கில் அவர் வண்டி நின்ற இடத்தில்
எண்ணெய் ஒரு சொட்டு.

ஐந்தாம் சுற்றுக்கு முன் மைக் கரகரத்தது:
"அறுபத்து மூன்றாம் மேஜையில்
வெள்ளைச் சிப்பாய் ஒன்று குறைகிறது.
யாராவது எடுத்திருந்தால்
தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்."

டீ கிளாஸ் வலது கையில் இருந்தது.
இடது கையை
அப்போதுதான் விரித்துப் பார்த்தேன்.