இடப்பக்கம் போவாத

புதோ என்றாள் ஹிதேகோ.
கூத்தா என்றான் பெனியேல்.
ஏதோ ஒன்று, உடம்பு இருந்தால் போதும்.

அவள் கொண்டுவந்த வெள்ளைப் பூச்சு
சித்திரை வெக்கையில் பத்தே நிமிடத்தில்
கழுத்தில் தயிராய்த் திரண்டது.
எண்ணூர் ஆற்றில் இறால் தடவிவிட்டு
சும்மாவே இப்படித்தான் கரையேறுவோம்,
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
இதைவிட நல்லா ஒட்டும், என்றான்.

பூச்சை மூடி வைத்தாள்.
மூன்று மாதம்,
காசிமேட்டில் மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியில்
சுவருக்குச் சுவர் முப்பது அடி,
நாற்பது நிமிடம்.
இன்னும் மெதுவாக.
எனக்கு ஒரே விளக்கு, அதுவும் அசையக் கூடாது.

முதல் காட்சி.
நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டார்கள்.
முன்வரிசை மணிக்கட்டு ஒன்று நேரம் பார்த்தது.
அவன் குனிந்து,
இல்லாத தண்ணீருக்குள் விரல்விட்டு
எதையோ விசாரித்தபடி வந்தான்.

இருபத்தெட்டாவது நிமிடம்
கடைசி வரிசையிலிருந்து அவன் கூட்டாளி கத்தினான்:
"டேய், இடப்பக்கம் போவாத,
தோண்டி வச்சிருக்கானுங்க!"

யாரும் சிரிக்கவில்லை.
ஒத்திகையில் இல்லாத ஓர் அடியை
வலப்பக்கம் வைத்தான் பெனியேல்.
சிமென்ட் தரையில்
நானும் விளக்கை நகர்த்தினேன்,
பள்ளத்தில் விழாமல்.