இணைப்பு எண் பதினேழு

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு புள்ளி,
தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இன்னொன்று.
நடுவே விட்டுவிட்டு ஓடும் கோடு:
நடைபாலம், உத்தேசம்.

கண்ணால் போனால் நூற்றுப்பத்து மீட்டர்.
காலால் போனால், அண்டர்பாஸ் சுற்றி,
இரண்டு கிலோமீட்டர் முன்னூறு.
இந்த வித்தியாசத்தைத்தான் ஆறு நாளாக
கூவி விற்கிறேன், கையில் டேப்லெட்டோடு.

பாலம் வந்தால் போவீர்களா?
வாரத்துக்கு எத்தனை முறை?
மிச்சமாகும் இருபத்தாறு நிமிடத்துக்கு
எவ்வளவு கொடுப்பீர்கள்?

சென்னை வண்டி கடக்கும்வரை
எல்லோரும் பதிலை வாயிலேயே வைத்திருக்கிறார்கள்.

பல்லில் கடித்த நூலோடு
குணபூஷணி சொன்னாள்:
'மிச்சமான நிமிஷத்துல
இன்னும் பத்து ஜாக்கெட்டுக்கு
ஊக்கு வைக்கச் சொல்வாங்க. அவ்வளவுதான்.'
படிவத்தில் அவள் 'வீட்டோடு இருப்பவர்'.
அவள் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு விலை.
நான் வைத்ததல்ல,
கையேட்டில் இருக்கிறது.

டெலிபோன் ஃபேக்டரியில் வயர் பற்றவைத்து
ஓய்வு பெற்ற ஞானாதிக்கம்
கேள்வி முடியுமுன்
'வேண்டாம்னு எழுதும்மா' என்றார்.
எழுதினேன். காரணம்?
'அந்தப் பக்கம் என் தம்பி.
அம்மா சாவுச் செலவுல ஆரம்பிச்சது,
பதினோரு வருஷம்.
முட்டி வலி, அவ்வளவு தூரம் சுத்த முடியலேன்னு
சொல்லிட்டு வர்றேன்.
எல்லாரும் நம்பறாங்க.
நீ அந்த இருபத்தாறு நிமிஷத்த எடுத்துட்டா
நான் என்னத்தச் சொல்றது?'

கட்டணம், பாதுகாப்பு, இருட்டு, படிக்கட்டு:
நான்கே கட்டங்கள்.
படிக்கட்டைத் தொட்டேன்.
டீ குடிச்சிட்டுப் போ என்றார்.
குடித்தேன்.

மறுநாள் அந்தப்புறம் நாற்பத்தொரு வீடு.
யாரிடமும் அண்ணன் உண்டா என்று கேட்கவில்லை,
அப்படியொரு கேள்வி கிடையாது.
பெட்ரோமேக்ஸ் நிற ஸ்கூட்டரைத்
துடைத்துக்கொண்டிருந்தவருக்கு
அதே மூக்கு.
பேசும்போது அதே மாதிரி
இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

'லிஃப்ட் வைப்பாங்களா?'
திட்டத்தில் இல்லை சார்.
'வைக்கச் சொல்லுங்க.
முட்டி சரியில்லாதவங்க இருக்காங்க.'
உங்கள் வீட்டிலா?
'இருக்காங்க' என்றார்,
துணியைப் பிழிந்தபடி.

பதினேழாம் இணைப்பு:
செலவுக்கு நன்மை 0.94.
ஒன்றைத் தொடாதது மேசைக்குப் போகாது.
நேற்றிரவு லிஃப்ட்டையும் சேர்த்து
ஓட்டிப் பார்த்தேன்,
இரண்டு முனையிலும் ஒவ்வொன்று.
0.71.

பக்கத்து இருக்கை சுரேகா
பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.
ஏசி நின்றுவிட்டது.
திரையில் ஒரு சின்னப் பெட்டி
சேமிக்கவா என்று கேட்கிறது.

கேட்கட்டும்.