கழுத்தளவு

கதிரையின் இரண்டு கையையும் பிடித்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுவேன்.
மூன்று வந்த பிறகும் இருந்துகொண்டே இருப்பேன்.
குசினியில் தேத்தண்ணி ஆறும்.
எழும்புவது ஒரு வேலையாகிப் போன வருஷம் அது.

ஸ்கூட்டி சறுக்கியது அபயபுரச் சந்தியில்.
முழங்காலுக்குள் ஒரு தகடு, நாலு ஆணி.
பதினொரு மாதம் கட்டில், டிவி,
பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த
மஸ்கற், தொதல், வெண்ணெய்க் கேக்.
அறுபத்திரண்டாக விழுந்தவள்
தொண்ணூற்றைந்தாகக் காணிக் கந்தோருக்குத் திரும்பினேன்.
கவுண்டருக்குப் பின்னால் இருப்பதால்
சனம் என் முகத்தை மட்டும் பார்த்தது.
"வடிவா இருக்கிறீங்க, மிஸ்."
ஓட்டோக்காரர் பின்சில்லைப் பார்த்தார்.

கால்நகம் எனக்கு எட்டவில்லை.
கேட்காமலே ஒரு ஞாயிறு
குணபாலன் நகவெட்டியோடு நிலத்தில் இருந்தார்,
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டு.
பத்து விரலும் முடியும்வரை
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நஸ்ரினா மிஸ் சொன்னா:
"நிலத்துல நடந்தா முழங்கால் கோவிக்கும்.
கடல் வச்சிருக்கீங்கதானே, அதுக்குள்ள நடங்க.
கழுத்தளவு."

விடிய ஐந்தரை, டச்பே கரை.
பழைய சுடிதார், ஊசி குத்திய ஷோல்.
வீதியோரம் குப்பைப் பையைக் கிளறிய மான்கள்
எனக்காக ஓர் அடியும் விலகவில்லை.
முதல் நாள் முழங்கால்வரை போய்
அழுதுவிட்டுத் திரும்பினேன்.
யாரோ பார்த்தது போலிருந்தது.
யாரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள், கழுத்தளவு.
தொண்ணூற்றைந்தையும் கடல் வாங்கி
எங்கேயோ வைத்தது.
காலைத் தூக்கினேன்;
வந்தது.
பக்கத்தில் கோணமலை கறுப்பாக நின்றது,
அதற்கும் தண்ணிக்குள் முழங்கால் இருக்குமோ என்று நினைத்தேன்.
கரையேறும்போது, வாங்கிய நிறையை
ஒரு கிராம் குறையாமல் திருப்பித் தந்தது கடல்,
நேர்மையான அடகுக்கடை.

கரைவலைக்கு ஒருநாள் ஆள் காணாது.
சம்மாட்டி பெனடிக் கூப்பிட்டார்:
"அக்கா, கயிற்று நுனியைப் பிடிங்கோ.
இழுக்க வேண்டாம். சாய்ஞ்சாக் காணும்."
சாய்ந்தேன்.
கயிறு முறுகி, வலை வழுகாமல் நின்றது.
முன்னுக்கு நின்ற பொடியன் திரும்பிப் பார்த்து
"ஆ, இண்டைக்கு நங்கூரம் இருக்கு" என்றான்.
காது சுட்டது.
பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
பங்கு என்று ஒரு பை சூடை தந்தார்கள்.
சம்பளத் தாளை நான் ஒருநாளும்
அப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததில்லை.

அதற்காக எல்லாம் நேராகப் போய்விடவில்லை.
மாரிக் கடல் இரண்டு மாதம் இறங்க விடவில்லை.
போன நாலு கிலோ திரும்பி வந்து குந்தியது.
நிலாவெளிக் கலியாண வீட்டில்
பாயில் இருந்தால் எழும்ப மாட்டேன் என்று பயந்து
"எனக்கு நிற்கத்தான் விருப்பம்" என்றேன்,
இரண்டு மணித்தியாலம்.
காசு போட்டால் நிறை சொல்லும் பஸ்நிலைய மெஷினை
எண்பத்தொன்றில் கைவிட்டேன்.
அதற்குக் கன்னியாவைத் தெரியாது:
குனிந்து குனிந்து ஏழு கிணற்றிலும் நானே வாளி அள்ளியதை,
மூன்றாவதில் இளைத்து
பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டதை,
மற்ற நாலையும் பிறகு போய் அள்ளியதை.

போன ஞாயிறு
குணபாலன் லாச்சிக்குள் நகவெட்டியைத் தேடினார்.
அறைக்குள் நிலத்தில் இருந்தேன்,
இடது காலை மடித்து மடிக்குக் கிட்ட இழுத்து.
ஒன்பது விரல் முடிந்திருந்தது.
கண்டதும் அவர்
கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்,
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.
சின்னவிரலை நீட்டி
"இது மட்டும் எட்டுதில்லை" என்றேன்.

எட்டும்.