மீன் முத்திரை

லிபர்தாத் தெருவில் முப்பது கடைகள்.
எல்லாக் கண்ணாடியிலும் ஒரே சொல்: வாங்குகிறோம்.
வங்கிகள் கதவடைத்து,
பேசோ மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிய அந்த ஆண்டு
புவனோஸ் ஐரெஸ் தன் சாப்பாட்டு மேசையைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தது.

மெழுகுவத்தித் தண்டைத் தராசில் வைத்து
ஒன்றேகால் கிலோ என்று கண் விரிப்பார்கள்.
அடித்தட்டைப் பெயர்த்து
உள்ளே அடைத்த சிமெண்டையும் கீலையும் தட்டிக் கொட்டினால்
கழுதை தேய்ந்து கட்டெறும்பு:
தொண்ணூறு கிராம் தகடு.
மாத்தே உறிஞ்சும் குழலைப் பெருமையோடு நீட்டுவார்கள்.
கல்லில் ஓர் உரசல், ஒரு சொட்டு அமிலம்.
வெள்ளியென்றால் சிவக்கும்.
இதுவோ பச்சை காட்டும். அல்பாக்கா;
நிக்கலும் செம்பும் கூடிச் சொன்ன பொய்.
நிறத்தை நான்தான் மாற்றியதுபோல்
என் முகத்தைப் பார்ப்பார்கள்.

தெல்ஃபினா இத்துரால்தே மட்டும்
நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள்:
“உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும், சென்யோர் கெஷிஷியான்?”
பன்னிரண்டு தேக்கரண்டி. எண்ணூறு முத்திரை.
முந்நூற்றுப் பத்து கிராம்.

மறைக்கவில்லை. காகிதத்தில் எழுதியே காட்டினேன்.
சந்தையில் நூறு என்றால் நான் தருவது எழுபத்தெட்டு.
உருக்கும்போது சேதாரம் இரண்டு.
அவெஷானேதாவில் உலை வைத்திருப்பவனுக்கு ஐந்து.
சரக்கு சேரும்வரை எட்டு நாள் காத்திருப்பு;
அதற்குள் விலை சறுக்கினால் என் தலையில்.
“ஏறினால்?” என்றாள்.
ஏறினால் பையில், என்றேன். சிரித்தாள்.
வாடகை, காவலாளி, கூட்டம் சேர்ந்தால் இழுத்து மூடும் இரும்புக் கதவு,
எல்லாம் போக மிச்சம் ஏழோ எட்டோ.
வெள்ளி ஏறட்டும், இறங்கட்டும் அம்மா,
வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு சந்து;
நான் குடியிருப்பது அங்கே.

“எண்பது” என்றாள்.
எழுபத்தொன்பதில் முடித்தோம்.
நோட்டை இருமுறை எண்ணினாள்.
கணக்குக் காகிதத்தையும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

எழுதிக் காட்டாதது ஒன்று உண்டு.
எட்டாவது கரண்டியின் முதுகில்
எண்ணூறுக்குப் பக்கத்தில் எள்ளளவு மீன்.
மற்றவற்றில் தேய்த்துத் தேய்த்து
யாரோ அதை அழித்திருந்தார்கள்.
எந்தப் பட்டறை மீன் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியாது.
அந்தத் தெரியாமை எந்தத் தராசிலும் முள்ளை அசைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை நீல வெல்வெட்டில் அடுக்கினேன்,
எட்டாவதை மட்டும் குப்புற,
தெரிந்தவர் கண்ணுக்கு மீன் தெரியும்படி.
விலைச்சீட்டில் நான் கொடுத்ததைப் போல் ஐந்து மடங்கு.

செவ்வாய் காலை, ஜூன் குளிர்.
கண்ணாடிக்கு வெளியே அவள் மூச்சு படிந்து படிந்து கலைந்தது.
பேரேட்டில் தலை கவிழ்ந்து
மூன்று பதில்கள் தயார் செய்தேன்.
ஒன்றும் தேவைப்படவில்லை.
கைக்குட்டையைப் பிரித்து
சர்க்கரைக்கட்டி எடுக்கும் இடுக்கியை வைத்தாள்.
பழக்கதோஷம், தராசுத் தட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஒற்றை விரலால் தடுத்தாள்.
“எடை வேண்டாம். திருப்பிப் பாருங்கள்.”

மீன். செதில் எண்ணலாம் போல, அத்தனை தெளிவாய்.

“இது இல்லையென்றால் உள்ளே இருப்பது பன்னிரண்டு கரண்டி.
இருந்தால்?”
“முழு செட்” என்றேன்.
என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கும் தந்ததைவிட
அந்த ஒன்றுக்கு அதிகம் தந்தேன்.
அப்போதும் எனக்கு மிச்சம் இருந்தது,
சொல்ல வெட்கமாய் இருக்கும் அளவுக்கு.

போகும்போது அன்றைய காகிதத்தை மேசையில் விட்டுப் போனாள்.
சேதாரம் இரண்டு, உலை ஐந்து,
வாடகை, காவலாளி.
எல்லாவற்றுக்கும் கீழே
பென்சிலில் ஒரு சின்ன மீன்.
அதற்கு எதிரே தொகை எழுதாமல்
இடம் விட்டிருந்தாள்.