மூன்றாம் அட்டவணை, நான்காம் பத்தி

ஸ்கார்பரோவில் மழை மேலிருந்து விழுவதில்லை,
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
பெல்ஃப்ரி தெரு பதினேழாம் எண்ணில்
தளத்துக்கு ஒருவராக நாலு குத்தகைதாரர்கள்.
உச்சியில் வினிஃப்ரெட் ஆஸ்க்யூ,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம்
பிறர் படுக்கை விரிப்புகளை உலர்த்தியவர்.
பிப்ரவரி ஒன்பது, இரவு,
அவர் படுக்கை நனைந்தது.

பத்திரம் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் கிடைத்தது.
நூற்றிருபத்தைந்து வருடக் குத்தகையில்
மிச்சம் எழுபத்தொன்று.
அவருக்கு வயதும் எழுபத்தொன்று.
ஒருமுறை சிரித்துக்கொண்டார்.

உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்தி வாசித்தார்:
கூரை நிலத்துக்காரருக்கு.
உத்தரங்களும், அவற்றில் அறைந்த சட்டங்களும் அவருக்கே.
சட்டத்தின் மேல் பூசிய சுண்ணாம்பு,
வர்ணம் உட்பட,
உமக்கு.

முக்கால் அங்குலம் இருக்கும் அந்தப் பூச்சு.
அதற்குத்தான் இருபது வருடம்
வங்கிக்குக் கட்டியிருக்கிறார்.
ஜன்னலில் கண்ணாடி அவருடையது, மரம் அவர்களுடையது.
இரண்டையும் ஒட்டும் மக்கு பற்றி
பத்திரம் வாய் திறக்கவில்லை.

அதன்பின் துளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.
உத்தரத்தில் ஊறும்வரை அது நிறுவனத்தின் சொத்து.
சுண்ணாம்பில் மஞ்சளாகப் பூக்கும் கணத்தில்
கைமாறுகிறது,
முத்திரைத்தாள் இல்லாமல்.

நிலத்துக்காரர் குர்ன்சி தீவில் ஒரு தபால் பெட்டி.
முகவர் லீட்ஸில், டாமியன் ஹோல்ராய்ட், குரல் மட்டும்:
"கூரை எங்கள் பொறுப்புதான் மேடம்.
செலவு உங்கள் பொறுப்பு."
கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை அல்ல என்றவனை
யார்க்ஷயரில் யாருக்கும் தெரியாது.
ஆனால் அவன் அங்கேதான் வேலை பார்க்கிறான்.
இரண்டு அறிவிப்பு, ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள்.
சாரம் கட்டவே ஆறாயிரம் பவுண்டு.

படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள்.
படிக்கட்டு பொது, ஆகவே பல்பு எரியவில்லை.
கைபேசி வெளிச்சத்தில்
தரைத்தளத்து லெய்டன் பிக்கர்ஸ்கில் கேட்டார்:
"என் தலைக்கு மேல் மூன்று வீடு. எனக்கேது கூரை?"
இரவுப் பணிக்குக் கிளம்பிய சீருடையில்
இரண்டாம் தளத்து எஃபுவா ஆன்சா சொன்னாள்:
"வினிஃப்ரெட்டின் தரைதான் என் கூரை.
அடுத்த முறை நான் நனைவேன்."
முதல் தளத்துப் பையன் பாதியில் எழுந்தான்:
"குத்தகைக்காரர் துபாயில். நான் வெறும் வாடகை."
முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.
காலையில் வினிஃப்ரெட்டின் வாசலில்
எஃபுவாவின் நீல வாளி இருந்தது.

மார்ச்சில் மழை விட்டும் தூவானம் விடவில்லை,
அதுவும் அறைக்குள்.
விழித்திருந்தவர் பக்கம் பதினொன்றுக்கு வந்திருந்தார்:
குத்தகைதாரர் இவ்விடத்தை
டொக்
அமைதியாக
டொக்
அனுபவித்து வருவாராக.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம்
பக்கத்து வீட்டுக் கூரையில் வேலை பார்த்த கிட் ஸ்டோன்ஹவுஸ்
ஏணியை இந்தப் பக்கம் சாய்த்தான்.
ஒரே ஒரு சிலேட்டு,
எழுத்துப் பழகும் அதே கல், நழுவியிருந்தது.
கால் மணி நேரம். நாற்பது பவுண்டு. ஒரு தேநீர்.

அன்றிரவு சத்தம் இல்லை.
தூக்கமும் இல்லை,
அடுத்த துளிக்காகக் காது காத்துக்கொண்டே இருந்தது.

மே மாதம் கடிதம் வந்தது:
நிலத்துக்காரரின் கூரையில் அனுமதியின்றிக் கைவைத்தது
ஒப்பந்த மீறல்.
இக்கடிதம் எழுதிய செலவு நூற்றெண்பது பவுண்டு.
யார் சொல்லியிருப்பார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.
லெய்டன் இப்போதெல்லாம்
தபால் பெட்டியருகே சாவியைத் தேடுகிறார், வெகுநேரம்.

வினிஃப்ரெட் பதில் எழுதினார்:
ஐயா,
சிலேட்டு உங்களுடையது, மறுக்கவில்லை.
அதைப் பிடித்திருக்கும் இரண்டு செப்பு ஆணிகள் என்னுடையவை.
நான் எப்போது வந்து பிடுங்கிக்கொள்ளலாம்?
மழையுள்ள நாளாகச் சொல்லவும்.

பதில் இல்லை.
கட்டிலுக்கு மேலே அந்த மஞ்சள் கறைக்கு
இன்னும் வெள்ளையடிக்கவில்லை அவர்.
எஃபுவா கேட்டதற்கு,
அது என்னுடையது, என்றார்.